தங்கவயலில் மறைந்த முன்னோரைத் தேடி...

ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டில் ஓர் இலை கூடுதலாகப் போடப்படும். அது என் கொள்ளுத்தாத்தாவுக்கு. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் அடிபட்டு மறைந்தவர் அவர். "பெரிய ஏர்பிளாஸ்டுல, நாப்பது பேரோட சேர்ந்து போயிட்டாருன்னு எங்கப்பா சொல்வாருப்பா" என்பார் ஆண்டர்சன்பேட்டையில் இருக்கும் என் அத்தை. இதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாமல் இருந்தது. எந்த ஆண்டு, எந்தச் சுரங்கம், உண்மையில் என்ன நடந்தது என்று யாரும் கேட்டதில்லை.

நம் சங்கத்து உறுப்பினர்களில் தங்கவயலிலிருந்து வந்த குடும்பங்கள் பல உண்டு. மாரிக்குப்பத்தில் ரயிலேறி, சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கடந்து பங்காருப்பேட்டை வழியாக பெங்களூருக்கு வேலைக்கு வந்து போனவர்களும், அப்படியே வெளியூர்களில் தங்கிவிட்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த வீடுகளில் எங்கள் வீட்டுக் கதை போன்ற ஒன்றைக் கேட்காதவர்கள் குறைவு. ஆகவே, சுரங்க விபத்தில் இறந்த ஒரு முன்னோரைப் பற்றிய விவரங்களை எப்படித் தேடுவது, எங்கே தேடுவது என்பதை என் அனுபவத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சிறிது வரலாறு

1880-ஆம் ஆண்டு லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்ற பிறகே தங்கவயலில் பெரிய அளவில் சுரங்க வேலை நடந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து நம் மக்கள் குடும்பம் குடும்பமாக அங்கே குடியேறினார்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 1956-இல் மைசூர் மாநில அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962-இல் அவை மத்திய அரசிடம் சென்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தோன்றியது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாளோடு வேலை நின்றது. அதற்குள் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது.

இந்த ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொள்வது அவசியம். முன்னோர் எந்தக் காலத்தில் இறந்தார் என்பதைப் பொறுத்தே அவரைப் பற்றிய காகிதம் எந்த அலுவலகத்தில் இருக்கும் என்பது முடிவாகிறது.

முதலில் காலத்தைப் பிடியுங்கள்

நம் வீடுகளில் பெரியவர்கள் ஆங்கிலத் தேதியைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் வேறு விதத்தில் மிகத் துல்லியமாகச் சொல்லிவிடுவார்கள். எங்கள் அத்தைக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்திருந்தன. ஒன்று, ரக்தாட்சி வருஷம், ஆடி மாதம், தேய்பிறை. மற்றொன்று, கொள்ளுப்பாட்டியின் தாய்வீட்டுப் பக்கம் காவிரியில் பெருவெள்ளம் வந்து ஊருக்குள் தண்ணீர் புகுந்த சமயம். சாவுச் செய்தியை ஊருக்குச் சொல்லப் போன ஆள் வெள்ளத்தால் பாதி வழியிலேயே நின்றுவிட்டாராம்.

தமிழ் வருஷங்கள் 60 ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வரும். ரக்தாட்சி என்றால் 1924 ஏப்ரல் முதல் 1925 ஏப்ரல் வரை, அல்லது 60 ஆண்டு கழித்து 1984-85. எங்கள் தாத்தா அப்போது ஏழு வயதுப் பையன் என்பதால் 1924 தவிர வேறு ஆண்டு பொருந்தாது. காவிரிப் பெருவெள்ளம் வந்ததும் 1924 ஜூலையில்தான். அந்த ஆண்டு ஜூலை 16 பௌர்ணமி, 31 அமாவாசை. ஆக, ஆடித் தேய்பிறை என்ற ஒரு சொல்லிலிருந்து ஜூலை மாதத்தின் இரண்டாம் பாதி என்று 15 நாட்களுக்குள் வந்துவிட்டோம். திதியும் தெரிந்திருந்தால், பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து ஏறக்குறைய அந்த நாளையே சொல்லிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. திதி மறந்துபோன குடும்பங்கள் ஆடி அமாவாசையிலோ தை அமாவாசையிலோ படையல் வைப்பது வழக்கம். அப்படியானால் அந்த நாள் இறந்த நாளாக இருக்க வேண்டியதில்லை. "திதி தெரிந்து செய்கிறோமா, தெரியாமல் அமாவாசையில் செய்கிறோமா?" என்று வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

'பெரிய விபத்து' என்ற நம்பிக்கை

இங்கேதான் நான் இரண்டு ஆண்டுகளை வீணாக்கினேன். நாற்பது பேர் இறந்த விபத்து என்றால் அது பதிவாகாமல் போகாது என்று எண்ணி அதையே தேடினேன்.

தங்கவயலில் அத்தகைய பேரழிவு நடந்தது உண்மை. 1897-இல் நடந்த விபத்தில் 52 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு பலுசிஸ்தானத்தில் கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேர் இறந்தனர். இந்த இரண்டு விபத்துகளும்தான் சுரங்கப் பாதுகாப்புக்குச் சட்டம் தேவை என்பதை அரசுக்கு உணர்த்தின. 1901-இல் முதல் சுரங்கச் சட்டம் வந்தது. 1902 ஜனவரி 7-ஆம் நாள் கல்கத்தாவில் சுரங்க ஆய்வு அலுவலகம் திறக்கப்பட்டது. 1908-இல் தன்பாத் நகருக்கு மாறிய அந்த அலுவலகமே இன்றைய சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம்.

ஆனால் 1924 ஜூலையில் அப்படி ஒரு பேரழிவை நான் எங்கும் காணவில்லை. பிறகுதான் ஒன்று புரிந்தது. நம் நாட்டில் 10 பேர் அல்லது அதற்கு மேல் இறந்தால்தான் அது சுரங்கப் பேரழிவு என்று வகைப்படுத்தப்படுகிறது. பட்டியல்களில் இடம் பெறுவதும், நூல்களில் எழுதப்படுவதும் அவைதான். தங்கவயலில் இறந்தவர்களில் பெரும்பாலோர் அப்படிக் கூட்டமாக இறக்கவில்லை. ஒருவர், இருவர் என்று இறந்தார்கள். மேலிருந்து கல் விழுந்து, ஏணியிலிருந்தோ குழியிலோ தவறி விழுந்து, முதல் ஷிப்டில் வெடிக்காமல் போன மருந்து அடுத்த ஷிப்டில் துளை போடும்போது வெடித்து, கூண்டில் அடிபட்டு என்று பல விதம். இவை தவிர ஏர்பிளாஸ்ட் இருந்தது. பல ஆயிரம் அடி ஆழத்தில் பாறை தாங்கும் பாரம் மிக அதிகம். கல்லை வெட்டி எடுத்த இடத்தைச் சுற்றியுள்ள பாறை அந்தப் பாரத்தைப் பொறுக்க முடியாமல் திடீரென்று நொறுங்கிச் சிதறும். பழைய ஆங்கில அறிக்கைகளிலும் இதே பெயர்தான் இருக்கிறது. இன்று நிபுணர்கள் இதைப் பாறை வெடிப்பு என்கிறார்கள்.

ஊர் நினைவு என்பது பெரிய விபத்தைத்தான் சுமந்து வருகிறது. தனியாக இறந்தவர்களும் நாளடைவில் அந்தப் பெரிய கதைக்குள் சேர்ந்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் நடந்ததும் அதுவே. ஆகவே அன்பர்கள் விபத்தைத் தேடாதீர்கள். காலத்தையும் மனிதரையும் தேடுங்கள்.

எந்தப் பெயரில் தேடுவது?

அடுத்த சிக்கல் பெயர். நம் முன்னோருக்கு வீட்டில் ஒரு பெயர், வேலைப் பதிவில் ஒரு பெயர் இருப்பது அன்று சாதாரணம். ஒரு சுரங்கத்தில் வேலையை விட்டவர் அடுத்த சுரங்கத்தில் வேறு பெயரில் சேர்வதும் உண்டு. 1930-இல் கைரேகைப் பதிவு முறையைக் கொண்டுவர முயன்றபோது தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. மேலும் காண்டிராக்டரிடம் வேலை செய்தவர்களின் பெயர் கம்பெனிப் புத்தகத்திலேயே இல்லாமல் இருக்கலாம்.

போதாக்குறைக்கு ஆங்கில எழுத்து. முனிசாமி என்ற ஒரே பெயரை 'எம், யு' என்றும் தொடங்குவார்கள், 'எம், ஓ, ஓ' என்றும் தொடங்குவார்கள். 'சாமி' என்பது 'சாமி', 'ஸ்வாமி', 'சாமீ' என்று பல வேஷம் போடும். ஒரே பெயரை ஐந்தாறு விதமாக எழுதி வைத்துக்கொண்டு தேட வேண்டும். தகப்பனார் பெயர், மனைவி பெயர், சொந்த ஊர், குடியிருந்த லைன், வேலையின் பெயர் ஆகிய ஐந்தில் இரண்டாவது பொருந்தினால்தான் அவர் நம்மவர் என்று கொள்ளலாம். பெயர் ஒன்று மட்டும் பொருந்துவது போதாது. மாரிக்குப்பத்தில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்திருப்பார்கள்.

தகரப் பெட்டியில் இருந்த மனு

எங்களுக்கு வழி காட்டியது அரசு ஆவணம் எதுவும் அல்ல, அத்தையின் தகரப் பெட்டிதான். பழைய ரேஷன் கார்டுகள், தாத்தாவின் பிராவிடண்டு பண்டு சீட்டுகள் இவற்றுக்கடியில் நான்காக மடித்த ஒரு தாள். ஆங்கிலத்தில் யாரோ மனு எழுதுபவரைக் கொண்டு எழுதி வாங்கிய நகல். 1924 ஆகஸ்டு மாதத் தேதி. அடியில் கொள்ளுப்பாட்டியின் கைநாட்டு.

அதன்படி, மனுதாரரின் கணவர் ஜூலை 22-ஆம் தேதி இரவு ஷிப்டில் கல் விழுந்து இடுப்பில் அடிபட்டார். 24-ஆம் தேதி ஆஸ்பத்திரியில் இறந்தார். உடன் வேறு யாருக்கும் அடிபட்டதாக மனுவில் இல்லை. ஊர் போய்ச் சேர வழிச் செலவும், பையன் வளர்ந்ததும் ஒரு வேலையும் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார் அந்த அம்மாள். மனுவில் கண்ட பெயர் எங்கள் வீட்டில் யாருமே கேட்டிராத பெயர்! வீட்டில் 'சின்னய்யா' என்றே அழைக்கப்பட்டவருக்குப் பதிவில் வேறொரு பெயர் இருந்திருக்கிறது. இத்தனை நாள் நான் தவறான பெயரில், தவறான விபத்தில் அவரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அத்தையிடம் படித்துச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ தனியாதான் போனாரா?" என்று கேட்டார். நாற்பது பேரோடு போனார் என்பதில் அவருக்கு ஏதோ ஓர் ஆறுதல் இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னது சரிதானா என்றுகூட ஒரு கணம் எனக்குத் தோன்றியது. ஆனால் மறுநாள் அவரே அந்தப் புதுப் பெயரை ஒரு காகிதத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கிப் பூஜை மாடத்தில் வைத்துக்கொண்டார்.

இதிலிருந்து மற்றொரு பாடம். அடிபட்ட தேதியும் இறந்த தேதியும் வேறு வேறாக இருக்கலாம். இரண்டையும் குறித்துக்கொண்டு தேடுங்கள்.

எங்கெங்கே தேடலாம்?

முதலாவது, கல்லறைகளும் கோயில் பதிவேடுகளும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இது பெரிய வசதி. பங்குக் கோயில்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதிவேடுகள் உண்டு. பெயர், வயது, பெற்றோர் அல்லது துணையின் பெயர், தேதி ஆகியவற்றை அங்கே எதிர்பார்க்கலாம். கல்லறைக் கல் இருந்தால் உடனே புகைப்படம் எடுத்து வையுங்கள். எழுத்து தேய்ந்துகொண்டே வருகிறது.

இரண்டாவது, நகரசபையின் இறப்புப் பதிவு. இராபர்ட்சன்பேட்டை நகரசபையில் விண்ணப்பித்துத் தேடச் சொல்லலாம். ஆனால் ஒன்றை அறிந்து செல்லுங்கள். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, நமக்குத் தரப்படும் சான்றில் மரணத்தின் காரணம் இருக்காது. சட்டமே அதைத் தடுக்கிறது. ஆகவே இறந்த நாளை உறுதி செய்ய இது உதவும். எப்படி இறந்தார் என்பதற்கு வேறு இடம் போக வேண்டும்.

மூன்றாவது, சுரங்க ஆய்வாளரின் அறிக்கைகள். தங்கவயல் மைசூர் சமஸ்தானத்தில் இருந்ததால் பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டம் அங்கே நேராகச் செல்லவில்லை. சமஸ்தானத்துக்குத் தனியாகத் தலைமைச் சுரங்க ஆய்வாளர் இருந்தார். அவருடைய ஆண்டறிக்கைகளையும், சமஸ்தானத்தின் பிற கோப்புகளையும் பெங்களூரிலுள்ள கர்நாடக மாநில ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். இவற்றில் பெயரை எதிர்பார்க்க வேண்டாம். எந்தச் சுரங்கம், எந்த வகை விபத்து, எத்தனை பேர் என்ற கணக்குத்தான் முக்கியமாகக் கிடைக்கும். தேதி கைவசம் இருந்தால்தான் அந்த எண்ணுக்குள் நம்மவரைக் காண முடியும். டெல்லியிலுள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் அட்டவணையை 'அபிலேக் படல்' என்ற இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் இருக்கின்றன.

நான்காவது, பத்திரிகைகள். கோலார் கம்பெனிகளின் பங்குகள் லண்டனில் விற்பனையானதால் பெரிய விபத்துச் செய்திகள் வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கும் தந்தியில் சென்றன. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளத்தில் பழைய நாளிதழ்களை இலவசமாகத் தேடலாம். இந்தச் செய்திகளைப் படிக்கும்போது மனம் கசக்கும். இறந்த ஐரோப்பியரின் பெயர் இருக்கும். நம்மவர்கள் 'இத்தனை கூலிகள்' என்று எண்ணிக்கையில் முடிந்துவிடுவார்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளரின் சந்ததியார் தங்கள் முன்னோரைக் கண்டுபிடிப்பதும், நாம் தடுமாறுவதும் இந்த வேறுபாட்டால்தான். தமிழில் தேட விரும்புவோர் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் அணுகலாம்.

ஐந்தாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம். சுரங்கங்கள் அரசுடைமையான பிறகு நேர்ந்த மரணங்களுக்கு இது நல்ல வழி. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு மத்திய அரசின் எந்தப் பொது நிறுவனத்துக்கும் விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். "என் தாத்தாவைப் பற்றிய எல்லா விவரமும் தேவை" என்று எழுதாதீர்கள். பெயர், வேலை எண், சுரங்கம், தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, "இந்த விபத்தைப் பற்றிய ஆய்வு அறிக்கையின் நகல்" என்று குறிப்பாகக் கேளுங்கள். 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்துக்குப் பின் நடந்தவற்றுக்கு தன்பாத் இயக்ககத்தையும் கேட்கலாம். நஷ்ட ஈட்டுச் சட்டப்படி, விபத்தில் இறந்தவருக்கான தொகையைக் குடும்பத்திடம் நேரடியாகத் தராமல் ஆணையரிடம் கட்ட வேண்டும். அந்தக் கோப்பு கிடைத்தால் வாரிசுகளின் பெயர்களும் அதில் இருக்கும்.

விபத்தா, நோயா?

"சுரங்கத்தால் செத்தார்" என்று வீட்டில் சொல்வது எப்போதும் விபத்தைக் குறிப்பதில்லை. பாறையைத் துளைக்கும்போது எழும் நுண்ணிய தூள் நுரையீரலில் படிந்து மூச்சை மெல்ல மெல்ல நிறுத்தும் சிலிகோசிஸ் நோய்க்குப் பலியானவர்கள் ஏராளம். இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் 1947-இல் கோலார் தங்கச் சுரங்கத்திலிருந்துதான் தெரிவிக்கப்பட்டது என்று மருத்துவப் பாடநூல்கள் கூறுகின்றன. அதற்கு முன் இறந்தவர்களுக்குக் காசநோய், இருமல் என்றே பெயரிட்டிருக்கக்கூடும். இவர்கள் விபத்துக் கணக்கில் வர மாட்டார்கள். கடைசி நாட்களில் படுத்த படுக்கையாக இருந்தாரா, இருமினாரா, எத்தனை மாதம் வேலைக்குப் போகவில்லை என்பதைப் பெரியவர்களிடம் விசாரித்துவிட்டு, பிறகு எந்தக் கணக்கில் தேடுவது என்று முடிவு செய்யுங்கள்.

தங்கவயலை விட்டு ஜாரியா, தன்பாத் பக்கம் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போன உறவினர்கள் சிலருக்கு இருக்கலாம். அங்கே மைசூர் ஆவணங்கள் உதவா. தொடக்கத்திலிருந்தே பிரிட்டிஷ் இந்தியச் சட்டம் செல்லுபடியான இடம் அது. ஆகவே தலைமைச் சுரங்க ஆய்வாளரின் அகில இந்திய ஆண்டறிக்கைகளைப் பார்க்க வேண்டும். 1975 டிசம்பர் 27-இல் சாஸ்நாலாவில் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 370-க்கும் மேற்பட்டோர் மாண்டது போன்ற பெரும் விபத்துகளுக்கு விசாரணை அறிக்கைகளும் உண்டு.

இன்றே செய்ய வேண்டியது

காப்பகங்கள் நாளையும் இருக்கும். அத்தைகளும் மாமாக்களும் அப்படி இருக்க மாட்டார்கள். ஆகவே முதல் வேலை அவர்களிடம் உட்கார்ந்து கேட்பது. இறந்தவருக்கு வீட்டுப் பெயர் என்ன, பதிவுப் பெயர் என்ன, எந்த லைனில் குடியிருந்தார், யார் மேஸ்திரி, எந்த ஷாஃப்டில் இறங்கினார், யார் வந்து செய்தி சொன்னார்கள், எங்கே புதைத்தார்கள், அதன் பிறகு குடும்பம் எப்படிப் பிழைத்தது என்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தவறு என்று தோன்றினாலும் திருத்த வேண்டாம். எங்கள் அத்தை சொன்னதில் நாற்பது பேர் என்பது தவறாகிவிட்டது. ரக்தாட்சியும் காவிரி வெள்ளமும் நூற்றுக்கு நூறு சரியாக இருந்தன.

பழைய பெட்டியைச் சுத்தம் செய்யும்போது ஆங்கிலத்தில் இருக்கிறது, புரியவில்லை என்று எந்தத் தாளையும் எறிந்துவிடாதீர்கள். படிக்கத் தெரிந்தவர்கள் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். தங்கவயல் குடும்பத்தினர் தங்கள் முன்னோரின் பெயர், இறந்த ஆண்டு, சுரங்கம் ஆகிய மூன்றை மட்டுமாவது எழுதிக் கொடுத்தால், எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொகுத்துச் சங்க நூலகத்தில் வைக்கலாம் என்பது என் வேண்டுகோள். எந்த அறிக்கையிலும் இல்லாத பெயர்ப் பட்டியலை நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

கொள்ளுப்பாட்டியின் மனுவுக்கு வந்த பதில் எங்கள் பெட்டியில் இல்லை. அவர் ஊருக்குத் திரும்பவில்லை என்பது மட்டும் தெரியும். அவருடைய பையன், அதாவது என் தாத்தா, பதினாறு வயதில் அதே சுரங்கத்தில் இறங்கி 35 ஆண்டுகள் வேலை செய்தார். இந்த ஆடியில் இலை போட்டபோது அத்தை முதன்முறையாக இரண்டு பெயர்களையும் சொல்லிக் கும்பிட்டார்.